பெரிய கம்பெனியும் பக்கத்து ரொட்டிக் கடையும்: இத்தாலியின் ஃபொக்காச்சா சொல்லும் பாடம்



டிபன் கடை, பலகாரத் தொழில் செய்யும் உறுப்பினர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெரிய கம்பெனிக்காரங்க மெயின் ரோட்டுல ஏசி போட்டுக் கடை திறந்துட்டா நம்ம கடை நிக்குமா? கடன் வாங்கிப் போட்ட காசு திரும்புமா?" நியாயமான பயம்தான். குழுவில் வாங்கிய கடனை மாதாமாதம் கட்ட வேண்டியவர்கள் நாம். கடை படுத்துவிட்டால் நம்மோடு சேர்ந்து குழுவும் கஷ்டப்படும்.

இந்தக் கேள்விக்கு வாயால் தைரியம் சொல்வதை விட, உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வது நல்லது என்று நினைத்தோம். இது இத்தாலி நாட்டில் ஒரு சின்ன ஊரில் நடந்தது. நாடு வேறு, சாப்பாடு வேறு. ஆனால் அடுப்பு, மாவு, கடை வாடகை, வாடிக்கையாளர் எல்லாம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே!

ஃபொக்காச்சா என்றால் என்ன?

ஃபொக்காச்சா என்பது தட்டையான ஒரு ரொட்டி. மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் பரப்பி, விரல் நுனியால் அங்கங்கே குழி போட்டு, அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். குழிகளில் எண்ணெய் தேங்கி நிற்கும். அதனால் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சு போலவும் வரும். லத்தீன் மொழியில் 'ஃபோக்குஸ்' என்றால் வீட்டு அடுப்பு. அதிலிருந்து வந்த பெயர் இது. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் 'அடுப்பு ரொட்டி'.

நம்மிடம் தோசை ஊருக்கு ஊர் மாறுவது போல அங்கே ஃபொக்காச்சாவும் மாறும். வடக்கே ஜெனோவா நகரத்தில் உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சுடுவார்கள். காலையில் அதைப் பால் காபியில் தோய்த்துச் சாப்பிடும் பழக்கமும் அங்கே உண்டு. அதற்குப் பக்கத்தில் ரெக்கோ என்ற ஊரில், மாவைப் புளிக்க வைக்காமல் துணி போல மெல்லிசாக இழுத்து, இரண்டு அடுக்குக்கு நடுவில் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிறார்கள்.

தெற்கே புல்யா மாநிலத்தில் பாரி நகரத்து ஃபொக்காச்சா பிரபலம். இதில் கோதுமை மாவோடு ரவை மாவும், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கும் சேர்ப்பார்கள். கிழங்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி சீக்கிரம் காய்ந்துபோகாது. மேலே சின்னத் தக்காளியைக் கையால் பிய்த்துப் போட்டு, ஆலிவ் காய், உப்பு, ஓரிகானோ இலைத்தூள் தூவுவார்கள். ஓரிகானோ என்பது கிட்டத்தட்ட நம்ம ஓமவல்லி போல மணக்கும் இலை.

எல்லாமே அந்த ஊரில் விளையும் பொருள். கறி கிடையாது, விலை உயர்ந்த சாமான் கிடையாது. ஏழைப்பட்டவர்கள் வீட்டுச் சாப்பாடாக இருந்து கடைக்கு வந்த பண்டம் இது.

கடை எப்படி இருக்கும்?

அங்கே இந்த மாதிரிக் கடைக்கு 'ஃபோர்னோ' என்று பெயர். அதற்கும் அடுப்பு என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் சின்ன இடம். முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் அடுப்பு. பல கடைகளில் உட்கார நாற்காலி கூட இருக்காது. "இவ்வளவு குடுங்க" என்று கையால் காட்டினால், வெட்டி, தராசில் வைத்து, காகிதத்தில் சுற்றித் தருவார்கள். விலை எடைக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வயதானவர்கள் எல்லோரும் வாங்கி நின்றபடியோ நடந்தபடியோ சாப்பிடுவார்கள்.

எடைக்கு விற்பதில் ஒரு நன்மை இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு இருக்கிறவர் கொஞ்சமாக வாங்கலாம், அதிகம் இருக்கிறவர் அதிகமாக வாங்கலாம். யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

அல்தமூராவில் நடந்தது

பாரியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அல்தமூரா. சுமார் 70 ஆயிரம் பேர் வாழும் ஊர். ரொட்டிக்குப் பேர் போனது. 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹொராஸ் என்ற ரோமானியக் கவிஞர், இந்தப் பக்கத்து ரொட்டியை வழிப்போக்கர்கள் அடுத்த ஊருக்கும் சேர்த்து வாங்கிப் போவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இந்த ஊரில் 2001 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி கடை திறந்தது. உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனி. கொத்துக்கறியை வட்டமாகத் தட்டிச் சுட்டு, ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தரும் பர்கர்தான் அவர்கள் சரக்கு. விளம்பரத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே ரொட்டி சுடும் குடும்பத்தில் வந்த ஒருவர் சின்னதாக ஒரு கடை போட்டார். அவர் விற்றது ஃபொக்காச்சாவும் ரொட்டியும். ஊர்க்காரர்கள் பர்கரையும் ருசி பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஃபொக்காச்சா பக்கமே திரும்பினார்கள். ருசி பழகினது, விலையும் குறைவு, பிள்ளைகளுக்கும் பிடித்தது. 2002 டிசம்பரில் மெக்டொனால்ட்ஸ் கடை மூடப்பட்டது. திறந்து இரண்டு வருஷம் கூட முழுசாக ஆகவில்லை.

இந்தச் செய்தி பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 2009 இல் நிக்கோ சிரசோலா என்ற இயக்குநர் 'ஃபொக்காச்சா புளூஸ்' என்ற பெயரில் இதைப் படமாகவே எடுத்துவிட்டார்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பர்கர் கடைகளை எதிர்த்து வேறு இடங்களில் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. 1986 இல் ரோம் நகரத்தில் இதே கம்பெனி கடை திறந்தபோது கார்லோ பெத்ரினி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'ஸ்லோ ஃபுட்' என்ற உணவு இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. 1999 இல் பிரான்ஸ் நாட்டில் மியோ என்ற ஊரில், கட்டிக்கொண்டிருந்த கடையை விவசாயிகள் பிரித்தே போட்டார்கள். அல்தமூராவில் கடையை மூட வைத்தது அப்படிப்பட்ட போராட்டம் இல்லை. ஊர் ஜனங்கள் தினம் எந்தக் கடைப் படியேறினார்களோ அதுதான் முடிவு செய்தது.

கதையின் இன்னொரு பக்கம்

பத்திரிகைக்காரர்கள் 'ரொட்டி பர்கரை ஜெயித்தது' என்று எழுதினார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு விவரமும் தெரிந்தால்தான் நமக்குப் பிரயோஜனம்.

அந்தச் சமயம் கம்பெனிக்கே நேரம் சரியில்லை. 2002 நவம்பரில், சரியாக ஓடாத 175 கடைகளைப் பல நாடுகளில் மூடப் போவதாக அது அறிவித்தது. 1965 இல் பங்கு விற்கத் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, 2002 இன் கடைசி மூன்று மாதத்தில் நஷ்டம் காட்டியது. ஆகவே ரொட்டிக் கடை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இத்தாலியில் மற்ற ஊர்களில் அந்தக் கம்பெனி தொடர்ந்து நடந்தது, வளரவும் செய்தது.

அப்படியானால் இதில் நமக்கு என்ன இருக்கிறது? பெரிய கம்பெனி ஓடாத கடையை மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். உள்ளூர்க்காரருக்குப் போக வேறு இடம் கிடையாது, அதனால் அவர் நிலைத்து நின்றாக வேண்டும். அல்தமூராவில் அவர் எப்படி நின்றார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர்கள் பலம் எங்கே இருந்தது?

முதலாவது, ருசி ஒரு நாளில் வந்ததில்லை. பழைய காலத்தில் அல்தமூராப் பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, ஊர்ப் பொது அடுப்புக்குக் கொண்டு போவார்கள். எல்லார் வீட்டு மாவும் ஒரே அடுப்பில் வேகும். யாருடையது என்று தெரிய வேண்டுமே? அதற்காகக் குடும்பத் தலைவர் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கிய முத்திரையை மாவில் குத்துவார்கள். பெரிய பெரிய ரொட்டியாகச் சுட்டு, ஆடு மேய்க்கவும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் பல நாள் வைத்துச் சாப்பிடுவார்கள். ரொட்டி வைக்கும் முன் அடுப்பின் சூடு எப்படி இருக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் மாவைத் தட்டையாகத் தட்டி முதலில் வைப்பார்களாம். ஃபொக்காச்சா அப்படித்தான் பிறந்தது என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். முத்திரை ஆண் பெயரில் இருந்தாலும் கைப்பக்குவம் பெண்களுடையது. அந்த ருசியில் வளர்ந்த ஊர் அது.

இரண்டாவது, அளவு மாறாத தரம். அல்தமூரா ரொட்டிக்கு 2003 இல் ஐரோப்பிய ஒன்றியம் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்க வேண்டுமானால் எழுதி வைத்த விதியின்படிதான் செய்ய வேண்டும். அந்த ஊரிலும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களிலும் விளைந்த கடினக் கோதுமை வேண்டும். 100 கிலோ ரவை மாவுக்கு 20 கிலோ புளித்த மாவு, 2 கிலோ கடல் உப்பு, சுமார் 60 லிட்டர் தண்ணீர். ரொட்டியின் மேல் ஓடு 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நாம் முதல் நாள் மாவில் கொஞ்சம் எடுத்து அடுத்த நாள் மாவில் கலப்போமே, அதே முறையில்தான் அவர்களும் புளித்த மாவை வளர்த்து வருகிறார்கள். ஆனால் 'கண்ணளவு, கையளவு' என்று விடாமல் எடை போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்திலும் இப்படிப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அதைப் புவிசார் குறியீடு என்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019 இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 இலும் கிடைத்தது.

மூன்றாவது, செலவு கட்டுக்குள் இருந்தது. சின்ன இடம், உள்ளூர்ச் சாமான், நாலைந்து வகைப் பண்டம் மட்டும். பண்டம் குறைவாக இருந்தால் மீதியாகி வீணாவதும் குறையும்.

லேபிள் பிரச்சினை: பாரி நகரத்துப் பெண்கள்

ருசி மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. அதே புல்யா மாநிலத்தில் நடந்த இன்னொரு விஷயத்தைப் பார்ப்போம்.

பாரி நகரத்தின் பழைய தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து 'ஒரெக்கியெத்தே' என்ற பண்டத்தைக் கையால் செய்வார்கள். ரவை மாவைச் சின்னத் துண்டாக வெட்டிக் கட்டை விரலால் அழுத்தினால் காது மடல் போல வரும். காய வைத்து விற்பார்கள். பரம்பரையாகச் செய்வது. வெளியூரிலிருந்து இதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

2019 இல் நகர அதிகாரிகள் ஒரு உணவகத்தைச் சோதனை போட்டபோது, எங்கே செய்தது என்ற விவரமில்லாத 3 கிலோ ஒரெக்கியெத்தே அங்கே இருந்தது. உணவகத்துக்கு அபராதம் போட்டார்கள், பண்டத்தையும் கொட்ட வைத்தார்கள். வீட்டு உபயோகத்துக்குக் கொஞ்சமாக வாங்கிப் போனால் பிரச்சினை இல்லை. உணவகம் வாங்கிப் பரிமாறினால், அது எங்கிருந்து வந்தது, அதில் என்ன கலந்தது என்ற விவரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். தங்கள் பிழைப்புக்கே ஆபத்து வந்துவிட்டதோ என்று வாசலில் உட்கார்ந்து செய்த பெண்கள் பதறிப்போனார்கள்.

அதிகாரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாப்பிட்டவருக்கு உடம்புக்கு வந்தால் எங்கே போய்க் கேட்பது? பெண்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலம் காலமாகச் செய்ததைத் திடீரென்று தப்பு என்றால் என்ன செய்வார்கள்? இப்படி நடந்த பிறகு அலைவதை விட, முன்கூட்டியே பதிவு செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

நம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உணவுப் பண்டம் செய்து விற்கும் யாரும், சின்ன அளவாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். சுடச்சுடத் தட்டில் போடும் டிபன் கடைக்கு லேபிள் தேவையில்லை, பதிவு தேவை. முறுக்கு, பொடி, ஊறுகாய் என்று பாக்கெட்டில் அடைத்து விற்றால் லேபிளும் தேவை. பண்டத்தின் பெயர், கலந்த பொருள்கள், எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும், செய்தவர் முகவரி, பதிவு எண் இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். லேபிள் சரியாக இருந்தால் தெருவோடு நின்ற விற்பனையை டவுன் கடைக்கும் கொண்டு போகலாம்.

நம் கணக்கு சரியா?

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். அல்தமூராக் கடை விலையைக் குறைத்து விற்றது என்றதும், "அப்போ நாமளும் விலையக் குறைச்சாப் போதும்" என்று நினைத்துவிடக் கூடாது. அடக்கம் தெரியாமல் விலை குறைத்தால் மூடுவது நம் கடையாகத்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு டிபன் கடைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாள் விற்பனை: 1,500 ரூபாய்
அரிசி, உளுந்து, காய்கறி: 600 ரூபாய்
கேஸ், விறகு: 200 ரூபாய்
எண்ணெய், மளிகை: 150 ரூபாய்
வாடகை, கரண்ட்: 100 ரூபாய்
மொத்தச் செலவு: 1,050 ரூபாய்
மீதி: 450 ரூபாய்

"தினம் 450 ரூபாய் லாபம்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கடையில் அம்மாவும் மருமகளும் விடிகாலை 4 மணியிலிருந்து 10 மணி வரை நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 12 மணி நேர உழைப்பு. 450ஐ 12ஆல் வகுத்தால் மணிக்கு 37 ரூபாய் 50 காசு. முதல் நாள் சாயங்காலம் மாவாட்டியது, பாத்திரம் கழுவியது இதில் சேரவில்லை. குழுக் கடன் தவணையும் வட்டியும் சேரவில்லை. ஆக, லாபம் என்று நாம் சொன்னது நம் கூலிதான். அதுவும் குறைந்த கூலி.

நம் உழைப்புக்கு நாமே கூலி எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள். "வீட்டு ஆளுங்கதானே, அதுக்கென்ன கூலி" என்ற பேச்சை முதலில் விட வேண்டும். கூலியையும் கடன் தவணையையும் செலவில் எழுதின பிறகு கையில் நிற்பதுதான் லாபம். அது தெரிந்தால்தான் விலையை எவ்வளவு வைப்பது, எந்தப் பண்டத்தைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும்.

தொழில் கடன் கேட்டுக் கூட்டமைப்புக்கு வரும்போது நாங்கள் கணக்கு நோட்டைக் கேட்பதும் இதற்குத்தான். உங்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

இந்தக் கட்டுரையை எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கட்டும். பிறகு கீழே உள்ளவற்றைப் பேசுங்கள்.

1. நம் ஊரில் சின்னப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை விரும்பிச் சாப்பிடும் பண்டம் எது? அதை நம்மில் யார் நன்றாகச் செய்கிறோம்?

2. அந்தப் பண்டத்துக்குச் சேர்க்கும் சாமான்களில் எத்தனை நம் ஊரில் விளைகிறது? எதை வெளியே வாங்குகிறோம்? குழுவாக மொத்தமாக வாங்கினால் எவ்வளவு குறையும்?

3. செய்முறை அளவை எடை போட்டு எழுதி வைத்திருக்கிறோமா? ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் செய்து அதே ருசி வருமா?

4. உணவு விற்கும் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குப் பதிவு எண் இருக்கிறது? இல்லாதவர்கள் பெயரை எழுதுங்கள்.

5. ஒரு வாரத்துக்கு விற்பனை, செலவு, உழைத்த நேரம் மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு கூலி நிற்கிறது?

முடிவுகளைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பதிவு எண் இல்லாதவர்கள் பட்டியலை ஊக்குநர் அக்கா மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அந்தந்தத் தொகுப்புக்கு ஒரு நாள் வைத்து, எல்லோருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட நாங்கள் உதவி செய்கிறோம். ஆதார் அட்டை நகலும் ஒரு போட்டோவும் கையில் வைத்திருங்கள்.